வெள்ளிக்கிழமை அஷ்டமி

உங்கள் அத்தை, அதாவது என் தங்கச்சி, கடையத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபது வயதுக்குள் தாலியறுத்துத் தென்காசிக்கே திரும்பி வந்தவள். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பேறு பார்க்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. மூச்சு விடாமலே போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. ஆனால் ஆஸ்பத்திரி லேடி டாக்டர், சர்க்காரே உபகாரச் சம்பளம் கொடுத்து மருத்துவச்சி வேலை படிக்க வைக்கிறது என்று சொன்ன அன்றைக்கே, அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு என் முன்னால் வந்து நின்றாள்.

தீட்டு வீட்டுக்குள் போய் வருகிறவளை, கோவில் மரியாதை வாங்குகிற வீட்டில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் சட்டை செய்யாமல் கையெழுத்துப் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, படிப்பில் சேரச் சொல்லிக் கடுதாசி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலி ஆபீசில் இருக்க வேண்டும். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். வெள்ளி அஷ்டமி. சனி நவமி. ஞாயிறு ஆபீஸ் கிடையாது.

"திங்கக்கிழமை போவோம்ட்டி" என்றேன்.

"வெள்ளிக்கிழமன்னுல்லா போட்டிருக்கு, அண்ணே."

"மூணு நாளுல சர்க்கார் எங்கயும் ஓடிப் போயிராது."

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "பேறு பாக்கப் போறவளுக்கு நாளு பாக்குதியளே, பெறக்குத புள்ள அஷ்டமி பாத்தா வருது?" என்றாள். நான் சிரித்துவிட்டு, பஞ்சாங்கத்தை மூடி வைத்தேன்.

திங்கட்கிழமை ரயிலேறிப் போனோம். கிளார்க் கடுதாசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்தன பேருக்குத்தான்னு பணம் ஒதுக்கியிருக்கு வேய். வெள்ளிக்கிழமை வராதவ எடத்த சனிக்கிழமையே வேற பொண்ணுக்குக் கொடுத்தாச்சு. அடுத்த வருசம் பணம் வந்தா எழுதிப் போடும்."

அஷ்டமியைப் பற்றி அவரிடம் சொல்லாமல், கடுதாசியை மடித்து வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது கடையம் ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. உங்கள் அத்தை ஜன்னல் பக்கமிருந்து எழுந்து உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

அடுத்த வருசம் பணம் ஒதுக்கவில்லை. அதற்கடுத்த வருசம் ஒருநாள் நான் வயலிலிருந்து வந்தபோது, மூலையில் இருந்த அவள் டிரங்குப் பெட்டியைக் காணோம். காலை வண்டியிலேயே திருநெல்வேலிக்குப் படிக்கப் போய்விட்டாள் என்றாள் உங்கள் அம்மா. இந்தத் தடவை தாளில் லேடி டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

"எம்மேல கோவமாப் போனாளா?" என்று கேட்டேன்.

"கோவம் என்ன கோவம். ஒங்ககிட்டச் சொன்னா நாளு பாப்பியன்னு பயந்துட்டா."

கோபம் என்று சொல்லியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.