சித்தப்பா ஏறிய எல்லை மலை

எந்த மலையானாலும் அது முருகன் மலைதான். எங்கள் வீட்டில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சித்தியும் சித்தப்பாவும் பிள்ளை வரம் வேண்டி, பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளத்து மலையைச் சேர்ந்து ஏறுவதாக நேர்ந்திருந்தார்கள். பட்டாளத்தில் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தி கலங்கிப்போனாள். அப்பாதான் வழி சொன்னார்.

"அவன் காவல் நிக்கிறதும் மலைதானம்மா. நீ இங்க பால்குடம் எடு. அவன் அங்க உச்சிக்கு ஏறிடட்டும். முருகன் ரெண்டையும் சேத்து எழுதிக்குவான்."

அந்த உச்சி பர்மா எல்லையில், அடர்ந்த காட்டுக்குள் இருந்தது. அங்கே நின்றால் ஒரு கால் நம் நாட்டில், மறுகால் பர்மாவில் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து ஒன்பது வயசுக்காரி எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

உத்திரத்தன்று சித்தி ஈரப் புடவையோடு குடம் சுமந்து ஏறினாள். செல்போன் என் கையில். பாதி மலையில் மணியடித்தது.

"சித்தப்பா, ஏறிட்டீங்களா?"

"உச்சியிலதான் பாப்பா நிக்கிறேன்."

"பர்மா தெரியுதா?"

"எங்க தெரியுது, ஒரே மரம். கொரங்கு ஒண்ணு அங்கேருந்து இங்க தாவுது. அதை எவன் புடிச்சு விசாரிக்கிறது?"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் புரியாத பாஷையில் ஏதோ சொன்னாள். சக்கரம் உருளும் சத்தமும் கேட்டது.

"பர்மாக்காரி வண்டி தள்ளிட்டுப் போறா" என்று நான் கத்த, படியேறியவர்களெல்லாம் சிரித்தார்கள்.

சித்தி போனை வாங்கிக் காதில் வைத்தாள். பின்னால் இன்னும் கேட்ட அந்தக் குரலையும் சத்தத்தையும் உற்றுக் கேட்டாள்.

"சாமி கும்பிட்டாச்சுல்லங்க? சரி. ஒடம்பப் பாத்துக்கங்க."

அபிஷேகம் முடிந்து இறங்கியதும் எல்லோரும் நீர்மோர்ப் பந்தலுக்குப் போனார்கள். சித்தி என்னை இழுத்துக்கொண்டு மறுபடி முதல் படிக்கு வந்தாள்.

"எதுக்கு சித்தி?"

"ஒங்க சித்தப்பா பங்குக்கு."

"அவருதான் ஏறிட்டாரே."

"ஏறுனாரு, ஏறுனாரு. பேசாம வாடி."

ஆடியில் சித்தப்பா கம்பூன்றி வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உத்திரத்துக்கு முன்பே அந்த மலையில் சறுக்கிக் கால் முறிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடிதான் அன்று பேசியிருக்கிறார். வேண்டுதல் குறைபட்டதென்று சித்தி அழக்கூடாதாம். சித்தியோ நர்சின் குரலையும் தள்ளுவண்டிச் சத்தத்தையும் கேட்டதுமே கண்டுகொண்டாள்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஒரே நாளில் இரண்டு தரம் மலையேறும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்று அரோகரா போட்டுக்கொண்டே ஓடினேன். உச்சி வெயிலில், சுடும் படியில், பாதம் மாற்றி மாற்றி வைத்து ஏறிய சித்தியை, "சீக்கிரம் வாங்க சித்தி" என்று விரட்டிக்கொண்டே ஓடினேன்.