சாமி மாடத்தில் இருந்த தீர்ப்பு

பாப்பு, நீ போன சேதியை நாகலூர் பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "ஏனுங்க, உங்க நாத்தனார் விடியக்காலையில தவறிட்டாங்க" என்றார். என் கையில் மிளகுக் கூடை இருந்தது. அதை எங்கே போட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

அவளைப் பாப்பு என்று கூப்பிட்டது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊட்டில் இருந்து காபித் தோட்டத்தைப் பார்த்தோம். நான் ஐந்தாவது வரை படித்தவள். அவளுக்கு எழுத்தே தெரியாது.

பக்கத்து எஸ்டேட்டுக்காரர் எங்கள் வழியில் வேலி போட்டார். கேஸ் போட்டோம், தோற்றோம். வழி போனால் சுற்றிப் போகலாம். ஆனால் அவருக்கு ஆன கோர்ட்டுச் செலவையும் நாங்களே கட்டவேண்டுமாம். கட்டாவிட்டால் தோட்டம் ஜப்தி.

அப்பீலுக்கு முப்பது நாள் என்று எழுதி, வக்கீல் தீர்ப்பைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அப்போது நான் மகள் பிரசவத்துக்குச் சேலம் போயிருந்தேன். கோர்ட்டுக் காகிதம் என்று தபால்காரர் சொன்னதும் பாப்பு பயந்துபோய், அதில் மஞ்சள் தடவிச் சேர்வராயன் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். அப்படி வைத்தால் மலைத் திருவிழா முடியும்வரை தொடக்கூடாது. அது எங்கள் ஊட்டு வழக்கம். நான் திரும்பி வந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் எடுத்துக் கொடுத்தாள். கெடு தாண்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"தோட்டத்தை முழுங்கிட்டயேடி, அண்ணன் சோத்துக்கு வந்தவதானே நீ" என்றேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார் வக்கீல். "இந்தம்மாவுக்கு மஞ்சக்காமாலைன்னு எழுதிக்கலாம். எல்லாரும் அதான் எழுதறாங்க."

"நான் கல்லாட்டம் இருக்கறனுங்க. சாமிகிட்ட வெச்ச காகிதத்துக்குக் காமாலைன்னு பொய் சொல்லமாட்டனுங்க" என்றாள் பாப்பு. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதினார்.

ஜட்ஜ் மனுவைப் படித்துவிட்டு அவளைக் கூண்டில் ஏற்றினார். "ஏம்மா, சாமி தீர்ப்பைப் படிச்சுச் சொல்லும்னு வெச்சியா?"

"சாமியும் படிக்கலீங்க, நானும் படிக்கலீங்க. ரெண்டு பேரும் கம்முனு இருந்துட்டமுங்க. தப்பு என்னுதுங்க. தோட்டம் எங்க அண்ணியோடதுங்க. அவங்களுக்கு ஒரு தவணை குடுங்க சாமி."

எதிர்த்தரப்பு வக்கீல்கூடச் சிரித்துவிட்டார். ஜட்ஜ் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே, "பதினோரு நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது" என்றார். அப்பீலில் அவரவர் செலவு அவரவருக்கு என்று ஆனது. தோட்டம் நின்றது.

திரும்பி வரும்போது ஒண்டிக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள். "நொம்ப பயந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள். அன்றைக்கே அந்தச் சோற்றுப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீ ஆறுகிறது என்றேன். பிறகு அவள் நாகலூரில் இருந்த தன் மகன் ஊட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். போகும்போதெல்லாம் காபிக்கொட்டை கொண்டுபோனேன், வேறு ஏதேதோ பேசினேன், வந்துவிட்டேன்.

மஞ்சள் கறை படிந்த அந்தத் தீர்ப்பு என்னிடம்தான் இருக்கிறது. ஓரத்தில் உன் விரல் பதிந்திருக்கிறது. அதை மறுபடி மாடத்திலேயே வைத்திருக்கிறேன்.

எனக்காகக் கூண்டில் ஏறித் தவணை கேட்டாய். இப்போது எனக்கு ஒரு தவணை வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பேன், பாப்பு?