சப்பாத்துப் பெட்டிக்குள் மூன்று சகோதரிகள்

நான் பார்த்த வேலைகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது, எழுநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஓர் இங்கிலீஷ்காரனின் காணிகளைத் தேடியதுதான். அந்த வேலைக்கு என்னை யாரும் எடுக்கவில்லை. வீடு துடைக்கத்தான் எடுத்தார்கள்.

அது எண்பத்தாறாம் ஆண்டு. கனடாவில், மல்வேர்னில் அண்ணனும் மச்சாளும் இருந்த டவுன்ஹவுஸின் பேஸ்மென்ரில் எனக்கு ஒரு கட்டில். என் கணவர் மெட்ராஸில். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தபோது எங்கள் கலியாணப் பதிவுப் பத்திரமும் எரிந்துபோனது. போதாக்குறைக்கு, என்னைக் கூப்பிடுவதற்குப் படிவம் நிரப்பிய அண்ணன், என் பழைய பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கற்றைப் பார்த்து அப்பாவின் பெயரையே என் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். அவருக்கு அது பிழையாகவே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தானே என்னைத் தெரியும்! ஆகவே காகிதத்தின்படி நான் கலியாணமாகாதவள். பிறகு நான் போய், "என் கணவரைக் கூப்பிட வேண்டும்" என்றபோது குடிவரவு அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. பதிவின் நகல் கேட்டு ஊருக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கடைசியில் அவர் இரங்கி, "வேலை கொடுப்பவரிடம் ஒரு கடிதம் வாங்கி வா. உன்னை நன்றாகத் தெரிந்த கனேடியர் ஒருவரின் கடிதமும் வேண்டும்" என்றார். எனக்குத் தெரிந்த கனேடியர் ஒரேயொருவர். வேலையும் அவரிடம்தான்.

அவர் எழுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, ஓய்வுபெற்ற எஞ்சினியர். ரூஜ் ஆற்றுப் பக்கம் பழைய செங்கல் வீடு. செவ்வாயும் வெள்ளியும் போவேன். முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்: சாப்பாட்டு மேசையைத் தொடக்கூடாது. அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை வருடங்களில் என் நினைவுக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசப் பழகிவிட்டார். அப்படியே எழுதிவிடுகிறேன், அவர் கோபிக்க மாட்டார்.

மேசை முழுவதும் இங்கிலாந்திலிருந்து தபாலில் எடுப்பித்த பழைய பத்திரங்களின் பிரதிகள், லத்தீனிலிருந்து மொழிபெயர்த்த தட்டச்சுத் தாள்கள். நடுவில் சுவருக்கு ஒட்டும் பூக்காகிதச் சுருள் ஒன்றை மறுபக்கமாக விரித்து வம்ச விருட்சம் கீறியிருந்தார். உச்சியில் ஒரு நைட். இரும்புச் சட்டை போட்டு, குதிரை ஏறி, ராஜாவுக்குச் சண்டை பிடித்துக் கொடுத்து, அதற்காக இரண்டு கிராமங்களைக் கையில் வைத்திருந்தவன். அடியில் அவரும் அவருடைய தங்கையும். இடையில் ஒரேயொரு இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு இல்லை. நைட்டின் மகனுக்கும், நாற்பது வருடம் கழித்து அதே ஊரில் அதே குடும்பப் பெயரோடு இருந்த ஒருவனுக்கும் நடுவில் அந்த இடைவெளி. "உது சின்ன விசயம்" என்பார் அவர்.

பெரிய விசயம் வேறு. நைட்டின் இரண்டு கிராமங்களில் தண்ணீர் ஆலை இருந்த நல்ல கிராமம் திடீரென்று பக்கத்து ஊர்க்காரன் ஒருவனின் கையில் இருக்கிறது. எப்படிப் போனது என்று தெரியாது. இரண்டு வருடமாக அவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரனைக் கள்ளன் என்று திட்டிக்கொண்டிருந்தார். காலைக் கோப்பிக்கு ஒரு தரம், பின்னேரத் தேநீருக்கு ஒரு தரம். நான் தூசி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். காணிச் சண்டை கேட்டு வளர்ந்த காது, சும்மா இருக்குமா!

ஒரு செவ்வாய்க்கிழமை மேசைக்குக் கீழே கூட்டும்போது பழைய காலணி வந்த சப்பாத்துப் பெட்டி ஒன்று அகப்பட்டது. சட்டம் மேசைக்குத்தான், மேசைக்குக் கீழே கிடப்பதற்கு இல்லை. திறந்தேன். மேல் தாளில் ஒரு நிலத்தின் எல்லைகள்: கிழக்கே இன்னாருடைய நிலம், வடக்கே ஆலைக்குப் போகும் பாதை, மேற்கே ஓடை, தெற்கே கோயில் நிலம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலியாணத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எட்டு வருடம் கிளாக்காக இருந்தவள் நான். அந்த நாலு எல்லைகளையும் ஆயிரம் தரம் எழுதியிருப்பேன். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் முதன்முதலாக எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்தேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

"உதுக்குள்ள ஒண்டுமில்லை" என்றார் அவர் வாசலில் நின்று. "எல்லாம் பெண்டுகளின்ர விசயம். வம்சத்துக்குத் தேவையில்லாதது எண்டு ஒதுக்கி வைச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுடைய பக்கத்தில் காணி எங்கே போனது என்று தேடுகிற எவரும் முதலில் பெண்பிள்ளைகள் யாரைக் கட்டினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். வளவும் வீடும் அவர்களோடுதானே போகும். இந்த மனிதர் இரண்டு வருடம் ஆம்பிளைகளை மட்டும் துரத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"சேர், அவர் கள்ளனில்லை" என்றேன். "மருமகன். நைட் தன்ர மூத்த மகளுக்கு ஆலையையும் ஊரையும் சீதனமாய் எழுதிக் குடுத்திருக்கிறார். இந்தா கிடக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தரம் வாசித்தார். பிறகு தானே போய் எனக்குக் கோப்பி போட்டுக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் தூசி தட்டியதாக ஞாபகமில்லை. சம்பளம் அதேதான், கதிரை மட்டும் மாறியது. வீடு நாறிப்போய்க் கிடந்தது, நாங்கள் இருவரும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சந்தோசமாக இருந்தோம். ஒருவன் நிலத்துக்கு வாடகையாக வருடத்துக்கு ஒரு றோசாப்பூ கொடுப்பான். இன்னொருவன் ஒரு இறாத்தல் மிளகு கொடுப்பான். "மிளகு எங்கட பக்கத்தால வந்ததாய்த்தான் இருக்கும், சேர்" என்று நானும் என் பங்குக்குக் கொஞ்சம் உரிமை கொண்டாடினேன்.

ஆவணியில் அவருடைய சொந்தக்காரர் எல்லோரும் அந்த வீட்டில் கூடுவதாக இருந்தது. வம்ச விருட்சத்தை விரித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. நைட்டின் சின்னமான மூன்று காட்டுப்பன்றித் தலைகளைப் பலகைக் கேடயம் ஒன்றில் வரைவித்து அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியும் ஆயிற்று. தங்கைக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லையாம். அந்தத் தங்கையை வாயடைக்க வைக்க வேண்டும் என்பதே அவருடைய பெரிய ஆசை. ஆனியில் ஒரு நாள் நான் என் கதையைச் சொல்லிக் கடிதம் கேட்டேன். "அதுக்கென்ன, வாற வெள்ளிக்கிழமை ரெண்டு கடிதமும் எழுதித் தாறன்" என்றார்.

அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாயன்று பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். நைட்டின் மகன் செத்தபோது ராஜாவின் ஆட்கள் ஊருக்கு வந்து அவனுடைய நிலம் யாருக்குச் சேரும் என்று விசாரித்து எழுதியது. மகனுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் தம்பியும் இல்லை. உரித்தாளிகள் மூன்று சகோதரிகள். அவர்களுடைய வயதும் புருசன்மாரின் பெயரும் கீழே. ஆக, அந்தப் பெயரோடு ஓர் ஆண்பிள்ளை மிச்சமில்லை.

அப்படியென்றால் நாற்பது வருடம் கழித்து வருகிறவன் யார்? அதற்கும் தாள் இருந்தது. ஊரின் குடியானவர்கள் யார் யார் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் நம்மவர் இருந்தார். ஒரு வீடு, ஒரு துண்டு வயல், அறுவடைக்கு மூன்று நாள் வேலை, யேசு பிறந்த நத்தாருக்கு இரண்டு கோழி. குடும்பப் பெயர் என்று சொன்னது அந்த ஊரின் பெயர்தான். ஊரில் இருந்த பாதிப் பேருக்கு அதே பெயர். நைட்டுக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு அந்தக் கோழிகள்.

தாள்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, அன்று நெடுநாளைக்குப் பிறகு வீட்டைக் கூட்டித் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொன்னேன். மச்சாள் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து வந்து கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"உமக்கென்ன விசரே?" என்றார் நிமிராமல். "அவர் நைட்டின்ர பேரன் எண்டா என்ன, கோழி குடுத்தவன்ர பேரன் எண்டா உமக்கென்ன? கடிதத்தை வாங்கும். உம்மட மனுசன் வந்து இறங்கட்டும். பிறகு ஆறுதலாய்ச் சொல்லும்."

"பிறகு சொன்னா அவர் சனத்துக்கு முன்னால கேடயத்தைக் காட்டி முடிச்சிருப்பார்."

"காட்டட்டுமே. ஊரில கலியாணம் விசாரிக்க வந்தவைக்கு நாங்கள் எத்தினை குடும்பத்தை நல்ல குடும்பம் எண்டு சொல்லிவிட்டனாங்கள். ஒருத்தரும் செத்துப்போகேல்லை."

மச்சாள் சொன்னது முழுக்க நியாயம். மூன்று நாள் அந்த நியாயத்தையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என் கணவர் வேண்டும். இரண்டு வருடத்தில் அவருடைய குரலைத் தொலைபேசியில் நாலு தரம்தான் கேட்டிருந்தேன். ஆனால் எட்டு வருடம் நொத்தாரிசின் மேசையில் இருந்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காணி உறுதிப் பத்திரத்தில் வெடிப்பு இருந்தால் கையெழுத்து வைக்க முன்னம் சொல்லிவிட வேண்டும். வைத்த பிறகு சொல்கிறவர்களை எங்கள் கந்தோரில் மனிதராக மதிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அவர் பேனையைத் திறந்து, "சரி, உங்கட அவற்ர பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ" என்றார். என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"சேர், எழுதுறதுக்கு முன்னம் ஒண்டு சொல்ல வேணும்" என்று பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று சகோதரிகளையும் காட்டினேன். கோழிகளையும் காட்டினேன்.

அவர் வாசித்தார். பேனையை மூடினார். "நீங்கள் இண்டைக்குப் போங்கோ. நான் ரெலிபோன் எடுக்கிறன்" என்றார்.

இரண்டு கிழமை தொலைபேசி வரவில்லை. மச்சாள் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே முழு வசவும் இருந்தது. பேஸ்மென்ரில் உட்கார்ந்து என்னை நானே திட்டினேன். எழுநூறு வருடத்துக்கு முந்திய ஒரு பிள்ளையில்லாதவனுக்காக என் கணவரை மெட்ராஸில் விட்டுவிட்டேனே என்று அழுகையும் வந்தது, என் மேல் எரிச்சலும் வந்தது.

மூன்றாம் கிழமை அவர் கூப்பிட்டார். போனேன். பூக்காகிதச் சுருள் மேசையிலேயே இருந்தது, ஆனால் உச்சியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தார். பன்றித் தலைக் கேடயத்தைக் காணவில்லை.

"ரெண்டு கிழமையாய் நீங்கள் சொன்னது பிழை எண்டு காட்டப் பார்த்தனான்" என்றார். "ஏலாமல் போச்சு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சேர்."

"என்னத்துக்கு? எங்கட ஆக்கள் அறுபது வருசமாய்க் கோழி குடுத்திருக்கினம். ஒரு வருசமும் பிந்தேல்லை, வருசா வருசம் எழுதின பட்டியலுகளில பார்த்தன்." கொஞ்சம் மிடுக்காகவே சொன்னார். "நைட் அப்பிடியே? ராஜாவுக்குக் குடுக்க வேண்டியதை நெடுகலும் பிந்தித்தான் குடுத்தவர். இனி நாங்கள் கோழிப் பக்கத்தைத்தான் தேடப் போறம். செவ்வாய்க்கிழமை வாங்கோ."

வெளிக்கிடும்போது ஒட்டாத உறை ஒன்றைக் கையில் தந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எடுத்து வாசித்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதியிருந்தார். என்னுடைய உத்தியோகம் வீடு துடைப்பது என்று அதில் இல்லை; நில ஆவண ஆய்வாளர் என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி: "தனக்கு ஒரு கணவர் இருக்கிறார் என்றும், அதற்கான பத்திரம் எரிந்துபோனது என்றும் இந்தப் பெண்மணி சொல்கிறார். இவரைப் பற்றி நான் அறிந்தது ஒன்று. என் கையெழுத்து இவருக்கு மிக அவசியமாக இருந்த நாளில், நான் பேனையைத் திறந்த பிறகு, நான் கேட்க விரும்பாத உண்மை ஒன்றைச் சொல்லி என் கையை நிறுத்தினார். இவர் தனக்குக் கணவர் இருக்கிறார் என்றால், இருக்கிறார்."

பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டது. நடந்து வீட்டுக்கு வந்து கடிதத்தை மச்சாளிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு என்னோடு முதல் வார்த்தை கதைத்தார்.

"மேல் அறையை ஒதுக்க வேணும். உம்மட அவர் நெட்டையரெல்லோ, கீழ இருக்கிற கட்டில் நீளம் காணாது."

அடுத்த மாசியில் என் கணவர் வந்து அந்த மேல் அறைக் கட்டிலில் படுத்தார். அதுவும் அவருக்கு நீளம் காணவில்லை.