வெறுந்தாளில் வைத்த கையொப்பம்: மில்லிக்கனிலிருந்து ஃபின்ச் மேற்குக்கு இரண்டு பஸ்

கடந்த ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மில்லிக்கனில் என் வீட்டிலிருந்து ஃபின்ச் மேற்கில் இருக்கும் உதைபந்தாட்ட மைதானத்துக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தேன். வயது எழுபத்தாறு. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்து வாகனத்தில் எனக்கு இடம் இல்லை என்று சொன்னார்கள். அதனால்தான் போனேன். கோடையில் அந்தப் பக்கம் நம்மவர்களின் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. கார் இல்லாமல் போக நினைப்பவர்களுக்கு இது உதவட்டும். எனக்கு எழுத்து வராது. எண்கள் வரும், கையொப்பம் வைக்க வரும். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். நான் சொல்லாத எதையும் அவள் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

இடம் ஏன் இல்லாமல் போனது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கழகத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் பயிற்சியாளர். இரண்டு வருடத்துக்கு முன் குகன் ஜெனரல் மனேச்சர் ஆனான். மார்க்கம் நகரில் கணினி வேலை செய்பவன், கெட்டிக்காரன். மைதானம் பதிவது, காப்புறுதி, உடுப்பு, புது ஆட்களைப் பிடிப்பது எல்லாம் அவன். அதை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், ஆட்டத்தை நடத்தும் மத்தியஸ்தரிடம் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதில் இறங்கும் பதினொரு பெயர், கீழே மாற்று ஆட்கள், பக்கத்தில் உடுப்பு எண், அடியில் பயிற்சியாளரின் கையொப்பம். நான் சொல்லுவேன், குகன் எழுதுவான். சித்திரையில் ஒருநாள் ஒரு கட்டு வெறுந்தாளோடு வீட்டுக்கு வந்தான். “அண்ணை, ஒவ்வொரு கிழமையும் உங்களைத் தேடி ஓடேலாது. எல்லாத்திலயும் ஒருக்கா வைச்சு விடுங்கோ.” தேத்தண்ணி ஆறுவதற்குள் பதினாறு கையொப்பம் வைத்தேன். அந்தப் பிழை என்னுடையது.

இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன், வியாழன் பயிற்சியில் குகன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

“சனிக்கிழமை கோலுக்கை, மொன்றியலில இருந்து வாற பெடியன் நிக்கட்டும் அண்ணை. பெரிய லீக்கில விளையாடுறவன். நான் வாக்குக் குடுத்திட்டன்.”

“வாக்குக் குடுத்தது நீ. கோலுக்கை ஆள் விடுறது நான். ஜூட் நிப்பான்.”

“ரீமைச் சேக்கிறது நான்தானே?”

“நீ சேர். ஆரை வேணுமெண்டாலும் கொண்டு வா. ஆர் இறங்கிறதெண்டு நான் சொல்லுவன்.”

குகன் கைபேசியைப் பார்த்தான். “அப்ப நீங்கள் சனிக்கிழமை வீட்டில நிண்டு ரெஸ்ட் எடுங்கோ. வாகனத்திலயும் இடமில்லை.”

ஜூட் எங்கள் கோல் காப்பாளன். மன்னார்ப் பிள்ளை, வயது முப்பத்து நான்கு, பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. இந்த வருடம் பதினாலு கிழமையும் தவறாமல் வந்தவன். அரையிறுதி வரை அவன்தான் நின்றான்.

காலை 8:10க்கு வெளிக்கிட்டேன். கென்னடி, ஸ்டீல்ஸ் சந்திக்கு ஏழு நிமிட நடை. 8:24க்கு 53ஆம் இலக்க பஸ். முதியோர் கட்டணம் அட்டையில் தட்டினால் 2 டொலர் 25 சதம். தட்டியதிலிருந்து இரண்டு மணித்தியாலம் செல்லும், அடுத்த பஸ்ஸுக்கு வேறு காசு இல்லை. பக்கத்து இருக்கையில் வேலைக்குப் போகும் ஒரு பிள்ளை, நம்மவள்.

“இந்த வெயிலுக்கை எங்க அங்கிள் வெளிக்கிட்டியள்?”

“ஃபுட்போல் மட்சுக்கு.”

“பாக்கவோ?”

“பாக்க ஏன் பிள்ளை பஸ் எடுக்கிறன்? சண்டை பிடிக்க.”

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

ஸ்டீல்ஸ் வீதி நீளம். யோசிக்க நேரம் இருக்கும். தொலைக்காட்சியில் வரும் பெரிய அணிகளைப் பற்றி மகன் சொல்லுவான்: ஆளை எடுப்பது ஜெனரல் மனேச்சர், ஆட விடுவது பயிற்சியாளர், தோற்றால் வேலை போவது பயிற்சியாளருக்கு. எடுத்தவன் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு அடுத்த பயிற்சியாளரைத் தேடுவான். சரி, அது அவர்கள் பேசி ஒத்துக்கொண்ட வேலை. நான் ஒத்துக்கொண்டது வேறு. திங்கட்கிழமை பலசரக்குக் கடையில் “ஏன் அண்ணை அவனை விட்டனீங்கள்?” என்று சனம் கேட்பது என்னைத்தான், குகனை அல்ல. பதில் சொல்ல வேண்டியவன்தான் ஆளை விட வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

9:12க்கு ஃபின்ச் நிலையம். கழிவறை உண்டு, என் வயதுக்காரர் கவனிக்கவும். 9:31க்கு 36ஆம் இலக்க பஸ், மேற்குப் பக்கம். ஓட்டுநர் ஒரு சர்தார்ஜி. மைதானத்து விலாசம் எழுதிய துண்டைக் காட்டினேன். முன் இருக்கையைக் காட்டி இரு என்றார். கீல் வீதி தாண்டி நாலாவது தரிப்பில் அவரே திரும்பிக் கை காட்டினார். இறங்கியது 9:58. அங்கிருந்து அறுநூறு மீற்றர், நிழல் துளியும் இல்லை. மொத்தம் ஏறக்குறைய பதினெட்டு கிலோமீற்றர்.

மைதானத்தில் குகன் என்னைக் கண்டதும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

“அண்ணை! எப்பிடி வந்தனீங்கள்?”

“ஐம்பத்து மூண்டும் முப்பத்தாறும்.”

மத்தியஸ்தர் 10:40க்குத் தன் மேசைக்கு வந்ததும் நேரே அங்கே போனேன். எங்கள் தாள் அங்கே கிடந்தது. பெயர்களை என்னால் வாசிக்க முடியாது. ஆனால் கோல் காப்பாளனுக்கு உரிய முதல் வரியில் எண் 22. ஜூட்டின் எண் 1. அது கீழே, மாற்று ஆட்களின் வரிசையில் இருந்தது. அடியில் என் கையொப்பம்.

“இது ஆர் சொன்ன ரீம்?”

“உங்கட கையொப்பம் இருக்குத்தானே அண்ணை,” என்றான் குகன், மெதுவாக. பெரிதாகச் சத்தம் போட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அந்த மெதுவான குரலைத்தான் பொறுக்க முடியவில்லை.

மத்தியஸ்தர் இங்கே பிறந்த பிள்ளை. “அங்கிள், சைன் உங்கடதா?”

“என்ரதுதான். சித்திரையில வெறுந்தாளில வைச்சது. இப்ப எடுக்கிறன். பேனை தாரும்.”

கையொப்பத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். 10:46. “கோச் சைன் இல்லாட்டி ஷீற் செல்லாது அங்கிள். பதினொண்டுக்கு முதல் வேற ஷீற் வராட்டி மற்ற ரீம் வின்.”

குகன் கோடு போட்ட தாளை எடுத்துப் பார்த்தான். “ஃபைனல் அண்ணை! சனம் குடும்பத்தோட வந்திருக்கு!”

“நானும் வந்திருக்கிறன். ரெண்டு பஸ் மாறி.”

“மொன்றியல் பெடியன் ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்தவன்.”

“ஜூட் பதினாலு கிழமை வந்தவன்.”

“மட்ச் போகப்போகுது!”

“போகட்டும். நான்தான் கெடுத்தனெண்டு ஊரெல்லாம் சொல்லு. நீ எழுதினதை நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாத.”

அதற்குள் ஜூட் ஓடி வந்தான். “கோச் அண்ணை, எனக்காண்டி வேண்டாம். நான் வெளியில நிக்கிறன்.”

“உனக்காண்டி ஆர் செய்தது? போய்க் கையுறையைப் போடு.”

மத்தியஸ்தரிடம் ஒரு புதுத் தாள் வாங்கிக் குகனிடம் நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்தான். 10:53க்குப் பேனையைத் திறந்தான். நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவன் எழுத எழுத எண்ணை நான் பார்த்தேன். முதல் வரியில் 1. 10:57க்குக் கையொப்பம் வைத்தேன்.

ஆட்டம் எழுபதாவது நிமிடம் வரை சமம். பிறகு எங்களுக்கு எதிராக ஒரு பெனால்ரி. மூன்று வருடத்தில் ஜூட் ஒன்பது பெனால்ரிக்கு நின்றிருக்கிறான். நாலு பிடித்தான், நாலும் தன் இடப்பக்கம். எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அன்றைக்கும் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து வலப்பக்கம் போனது. ஒன்றுக்குப் பூச்சியம், அத்தோடு முடிந்தது. மொன்றியல் பெடியன்தான் முதலில் ஓடிப்போய் ஜூட்டின் தோளில் கை போட்டான். நல்ல பிள்ளை.

குகன் பக்கத்தில் வந்து நின்றான். “இப்பச் சந்தோசமோ அண்ணை?”

“இல்லை. தோத்துப்போனன்.”

“தோத்துப்போனம் எண்டு சொல்லுங்கோ.”

“இல்லைத் தம்பி, நான்தான் தோத்துப்போனன். அந்தத் தாளில கிடக்கிறது ஆரின்ர கையொப்பம்?”

நான் கையொப்பம் வைத்த தாள்களில் மிச்சம் இருந்த வெறுந்தாள் இரண்டையும் அவனிடம் கேட்டு வாங்கி, நாலாய்க் கிழித்துச் சட்டைப் பையில் போட்டேன். போகும்போது, “வாங்கோ அண்ணை, வாகனத்தில இடம் இருக்கு,” என்றான்.

“வரேக்கை இல்லாத இடம் போகேக்கை எப்பிடி வந்தது?” என்று கேட்டுவிட்டுத் தரிப்புக்கு நடந்தேன். திரும்பி வர இன்னொரு 2 டொலர் 25. வீடு சேர 3:40.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், மைதானத்தில் குழாய் இல்லை. சனிக்கிழமையில் 36 பிந்தி வரும், அரை மணித்தியாலம் கூட வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளராகப் போகிறவர்கள், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், பெயர் எழுதாத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

ஞாயிறு காலை குகன் தொலைபேசி எடுத்தான். அடுத்த வருடத்துக்குப் புது கோச் பார்க்கிறார்களாம். சுற்றி வளைக்காமல் சொன்னான். அந்த அளவில் அவனை மதிக்கிறேன். “நல்லது. வாறவனிட்ட வெறுந்தாள் கொண்டு போகாத,” என்றேன்.

ஆட்டம் பார்க்க நான் வருவேன். கோட்டுக்கு வெளியே, மத்தியஸ்தரின் மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். எனக்கு வாகனம் தேவையில்லை. ஐம்பத்து மூன்று, பிறகு முப்பத்தாறு.