மீன் பெட்டி ஐஸில் குளிர்ந்த பேஸ்ரி

அன்று காலை குசினியில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் கணவர், எங்கள் மகன், கணவருடைய அக்காவான என் மச்சாள். மத்தியானத்துக்குப் பிறகு ஐந்தாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். வரவேண்டிய இன்னொருவர் பின்னேரம்தான் வருவதாக இருந்தது. அவருக்காகத்தான் அவ்வளவு பாடும்.

அவர் புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்பவர். அவருடைய மகளும் என் மகனும் ஒரே கந்தோரில் வேலை செய்து, தாங்களாகவே விரும்பிக்கொண்டார்கள். அவர்கள் சைவம். நாங்கள் குருநகர், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், கடல்தொழில். அதற்கு முன் ஒரு தடவை அவர் வந்தபோது முற்றத்தில் நின்றபடியே கதைத்தார். கதிரை போட்டோம், இருக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தேன். "இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மகனும் சாப்பிடவில்லை. இந்த முறையும் அவர் ஒன்றையும் வாயில் வைக்காமல் எழும்பினால், அந்தக் கலியாணம் அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கியிருந்தது.

பேஸ்ரி செய்யச் சொன்னது அந்தப் பெண்தான். அப்பாவுக்குப் பேஸ்ரி என்றால் உயிராம். ஆனால் கடையில் மீன், இறைச்சி என்று மச்சம் தொட்ட கையால் செய்திருப்பார்கள் என்று வாங்கமாட்டாராம். மகன் வந்து இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோசமும் வந்தது, பயமும் வந்தது. கடைக்காரன் கையில் இல்லாத மச்சமா என் கையில் இல்லை?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். பேஸ்ரி மாவை எங்கள் கோயில் பங்கில் சிஸ்ரர் ஒருத்தி வைத்த சமையல் வகுப்பில், எழுதி எடுக்காமல் கைப்பழக்கமாகத்தான் படித்தேன். கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துத் தட்டி, நடுவில் மாஜரீனை வைத்து மூட வேண்டும். பிறகு போத்தலால் உருட்டி மூன்றாக மடித்துக் குளிரில் வைக்க வேண்டும். திரும்ப எடுத்து உருட்டி, மடித்து, திரும்பக் குளிரில். குளிர் இல்லாவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவித்த ரொட்டி மாதிரித்தான் வரும்.

முதல் மடிப்போடு கரண்ட் நின்று, பிரிட்ஜும் நின்றுவிட்டது. ஒழுங்கையில் ஏதோ வேலையாம், பின்னேரம்தான் வருமாம். வெயில் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. மாவின் ஓரத்தால் மாஜரீன் வழியத் தொடங்கியது.

"இஞ்சரப்பா, எல்லாம் உருகுது. நான் என்ன செய்ய?"

"ஐஸ்தானே வேணும்? என்னட்டைக் கேட்டால் என்ன?" என்றார் கணவர்.

"எந்த ஐஸ்?"

"மீனுக்குப் போடுற ஐஸ். குருநகரிலை வேற என்ன ஐஸ் கிடக்கு?"

"உங்களுக்கு விசரே? வெள்ளிக்கிழமை. மச்சம் தொடாத மனுசன் வாறார்."

"ஐஸ் மச்சமேயடி? அது தண்ணியெல்லோ" என்றாள் மச்சாள், உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடி.

வேறு வழியும் இருக்கவில்லை. கணவர் மீன் கொண்டுபோகும், தக்கை மாதிரியான ரெஜிபோம் பெட்டியைச் சவுக்காரம் போட்டு உரஞ்சினார். நான் தேசிக்காயை வெட்டி அதன் மூலையெல்லாம் தேய்த்தேன். மகன் ஐஸ் கட்டியோடு வந்தான். அதை உடைத்துப் பெட்டியை நிரப்பி, மேலே தகரத் தட்டை வைத்து, மாவைப் பொலித்தீனில் சுற்றி அதன்மேல் கிடத்தினோம். போத்தலுக்குள்ளும் ஐஸ் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு அந்த மாவு என் சொல்லைக் கேட்டது. உருட்ட உருட்டப் பட்டுத் துணி மாதிரி விரிந்தது. அப்படியொரு மாவு அதற்கு முன்னும் எனக்கு வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்ததை நீளமாக மடித்தோம். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் வைத்ததை முக்கோணமாக மடித்தோம். முட்டை பூசாமல் பாலைத்தான் பூசினேன். காஸில் எரியும் சின்னப் போறணையில் முதல் தட்டு பொங்கி, இதழ் இதழாக வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு முக்கோணத்தை எடுத்துக் கணவரின் மூக்கடியில் நீட்டினேன்.

"மணக்குதோ?"

"ஓம், மணக்குது."

"என்ன மணம்?"

"ஏலக்காய்."

"உவனிட்டைப் போய்க் கேக்கிறியே?" என்றாள் மச்சாள். "கருவாடு காயவிட்ட பாயிலை படுத்து நித்திரை கொண்டவன் உவன்."

"அப்ப நீங்கள் மணந்து பாருங்கோ, மச்சாள்."

அவள் மணந்து பார்த்தாள். திருப்பியும் மணந்தாள். "எனக்கும் ஒண்டும் தெரியேல்லையடி" என்றாள், குரலைத் தாழ்த்தி.

மகனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மீனுக்குள் கிடக்கிற மூக்குகள். மீன் மணக்கிறதா இல்லையா என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு மூக்குக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். உதவிக்கு என்று பஸ் ஏறி வந்தவள், கையில் ஒரு பை வெங்காயம்.

"கலியாணத்துக்கு முதலே மாமியாற்றை குசினிக்கு வந்தாச்சு" என்று மச்சாள் தொடங்கினாள். நான் அவளைக் கதைக்க விடவில்லை. ஐஸ் பெட்டிக் கதையை மூச்சு விடாமல் சொல்லி, முக்கோணத்தை அந்தப் பிள்ளையின் கையில் வைத்தேன். அவள் கண்ணை மூடி மணந்து, கடித்துப் பார்த்தாள்.

"மீன் மணக்கேல்லை, மாமி."

"பிள்ளை, நீ வந்ததிலையிருந்து குசினி முழுக்க வெங்காயம் மணக்குது. அது உனக்குத் தெரியுதோ?" என்றாள் மச்சாள்.

அவள் தன் கையை மணந்து பார்த்தாள். "இல்லையே" என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று.

பின்னேரம் அவர் வந்தார். இந்த முறை கதிரையில் இருந்தார். நான் தட்டைக் கொண்டுபோனேன். "இது உறைப்பு, இது இனிப்பு. முட்டை போடேல்லை, பால்தான் பூசினது" என்று கேளாததற்கெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு முக்கோணத்தை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மகன் கதவடியில் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"மீன் பெட்டி ஐஸிலை வைச்சதோ இது?"

அவர் மகளைக் காட்டினார். "இவள் போன் எடுத்துச் சொன்னவள். மறைச்சு வைச்சு உங்களைச் சாப்பிடப் பண்ணேலாது அப்பா, விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ எண்டவள்."

"அண்ணை, பெட்டியை நல்லாய்க் கழுவித்தான்..." என்று கணவர் தொடங்கினார்.

"நான் மணக்குதெண்டு சொன்னனானே?" என்றவர் ஒரு கடி கடித்தார். பொருக்குகள் உதிர்ந்து வேட்டியில் விழுந்தன. மெதுவாக மென்று விழுங்கினார். "மணந்தாலும் என்ன செய்யிறது? இவள் இனி உந்த மணத்துக்கைதானே இருக்கப்போறாள். நானும் பழகத்தானே வேணும்."

"அப்ப நாங்கள் வெங்காயத்தைப் பழகிறம்" என்றாள் மச்சாள் பின்னாலிருந்து. அவர் சிரித்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தார். நான் குசினிக்குள் போய், ஐஸ் உருகிய பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றேன்.

இப்போது மச்சாள் இல்லை. கணவரும் கடலுக்குப் போவதில்லை. பெட்டி மூலை உடைந்து வீட்டுக்குப் பின்னால் கோடியில் கிடக்கிறது, எறிய மனம் வரவில்லை. நல்ல பிரிட்ஜ் இருக்கிறது, மாவும் பிழையில்லாமல் வருகிறது. போறணையைத் திறந்ததும் "மணக்குதோ?" என்று நான் கேட்பேன். மருமகள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எனக்கும் இப்ப ஒண்டும் தெரியிறேல்லை, மாமி" என்பாள்.

அன்று எழும்பும்போது மருமகளின் அப்பா, கலியாணப் பதிவு எழுத்தன்று தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இதே பேஸ்ரி நூறு வேண்டும் என்றார். காசு வேண்டாம் என்றேன். சும்மா தந்தால் எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, எண்ணாயிரம் பேசி, ஐயாயிரத்தைக் கையில் வைத்தார். மிச்சத்தைப் பிறகு தருவதாகச் சொன்னார். வருகிற நேரமெல்லாம் ஒரு பை வெங்காயத்தைத் தந்து, "உங்கடை காசு எனக்கு நினைவிருக்கு" என்கிறார். சம்பந்தியிடம் வாய் திறந்து எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால் காசில் எண்ணமில்லாதவள் என்று நினைப்பாரோ, கேட்டால் காசுக்கு அலைபவள் என்று நினைப்பாரோ என்று இரண்டுக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவேண்டியது மூவாயிரம் ரூபா.