ஜரிகை சுற்றிய விளக்கு

அன்று என் தங்கை கமலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ஒரே அறைதான். அதிலும் பாதியைத் தறி அடைத்திருந்தது. அறை பார்க்க லட்சணமாக இருக்கட்டுமென்று, சுவர் பிளக் பாயிண்டில் செருகிய நீள வயரில் ஒரு பல்பை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தேன். வயர் பழையது. மிச்சமிருந்த ஜரிகையைச் சுற்றி அதை மறைத்தேன். விளக்கு தங்கமாக மின்னியது.

எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் விளக்கையே பார்த்தார். எங்கள் ஊரில் ஜரிகையைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அசலா என்று நெருடிப் பார்ப்போம். அவரும் எழுந்து கையை நீட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன். ஜரிகையின் மஞ்சளுக்கு நடுவே செம்பு நிறம் தெரிந்தது. வயரின் உறை விட்டுப்போய், உள்கம்பி ஜரிகையில் பட்டுக்கொண்டிருந்தது. ஜரிகையும் கம்பிதானே!

அந்நியரிடம் வாய் திறக்கவே கூசுகிற நான், "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "இன்னாப்பா, தொட்டா உன் ஜரிகை தேஞ்சிடுமா?"

மாப்பிள்ளையின் மாமா எழுந்து செருப்பைத் தேடினார். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அறை மங்கியது.

"ஜரிகையில கரண்டு ஏறியிருக்குதும்மா" என்றேன்.

அவர் வயரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

"அரிக்கேன் விளக்கு இருந்தா ஏத்துங்கப்பா. பொண்ணு முகத்தைப் பாக்கணும்."

இப்போதும் நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. கமலாவின் மாமியார் மட்டும் அதை நம்பவே மாட்டார்.