அப்பா முகர்ந்து வாங்கிய தின்னர்

பழுத்த வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்தாற்போல ஒரு வாசனை, உள்ளே போனதும் தொண்டையைக் கரகரக்க வைக்கும். பெயின்ட் இளக்கும் நல்ல தின்னர் அப்படித்தான் மணக்கும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுத் தலையணைகூட அப்படி மணத்த ஒரு மழைக்காலம் உண்டு.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருந்த அப்பாவை, வயதாகிவிட்டதென்று கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். நாற்பதைத் தாண்டாத மனிதருக்கு வயதாகிவிட்டதாம்! தினமும் ஷிஃப்ட் முடிந்து நுழையும்போதே "ரசம் வாசன ரோடு வரைக்கும் வருது" என்று அம்மாவைக் குளிரவைக்கும் மனிதர், "இனிமே வூட்லயே அடிக்கிறேன்" என்று பழைய கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் வாங்கி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் மரச்சாமான்களுக்குப் பளபளப்பான லேக்கர் பூச்சு அடிக்கத் தொடங்கினார். படப்பை ஃபர்னிச்சர் கடைக்காரர் ஒரு டிரஸ்ஸிங் டேபிளைக் கொடுத்து, இது நன்றாக வந்தால் கடை வேலை முழுவதும் உனக்குத்தான் என்றார். அன்று அம்மா கேசரி கிண்டினாள்.

கெட்டியான லேக்கரைத் தின்னர் ஊற்றி இளக்கினால்தான் கன்னில் ஓடும். மழைநாளில் மெதுவாகக் காயும் தின்னராகப் பார்த்து வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். அப்பாவோ பெயின்ட் கடையைத் தாண்டிப் போய், காயலான் கடையில் "கம்பெனி தின்னர்" என்று விற்ற கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்தது என்றால் போதும், கையுறையானாலும் அட்டைப்பெட்டியானாலும் பிரசாதம்போல வாங்கி வைத்துக்கொள்வோம், அதே கம்பெனி நம்மைத் துரத்தியிருந்தாலும்.

மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, மூக்கருகே வைத்து, கண்ணை மூடித் தலையாட்டினார். வாசற்படியில் நின்ற அம்மா முகம் சுளித்தாள்.

"இன்னாங்க இது, மண்ணெண்ண நாத்தம் அடிக்குது? வேணாங்க, கடையில நல்லதா வாங்கியாங்க."

"பெயின்ட் ஷாப்ல இருந்தவன் நானா, நீயா? நல்ல சரக்காத்தான் கீது, போ."

வெளியே ஐப்பசித் தூறல். அடித்ததும் பளபளவென்று மின்னிய மேசை, நாங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து நின்றது. கேனில் இருந்தது கன் கழுவி வடித்த கழிவு. கடைக்காரர் திட்டக்கூட இல்லை. "வுடுப்பா, உனக்கு இது சரிப்படாது" என்று மேசையை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு கம்ப்ரஸரும் போனது. அப்பா மறுபடி கான்ட்ராக்டில் சேர்ந்தார், இந்தத் தடவை கம்பெனி கக்கூஸ் கழுவ. பெண்டாட்டி பேச்சைக் கேட்காமல் பிழைப்பைக் கெடுத்துக்கொண்ட பிடிவாதக்காரர் என்று வெகுகாலம் அவர்மேல் எனக்கு ஆத்திரம்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வாடகை அறை. போன மாதம் நான் வேலை முடிந்து வந்தபோது வீடெங்கும் கேஸ் நாற்றம். அடுப்பருகிலேயே அப்பா நிதானமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சிலிண்டரை மூடிவிட்டுக் கத்தினேன், நாற்றம் தெரியவில்லையா என்று.

"பெயின்ட் ஷாப்ல இருக்கும்போதே மூக்கு போச்சும்மா. சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவானுங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் சொல்ல வெக்கமா பூட்ச்சு."

மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்த அம்மா இதைக் கேட்டபடி நின்றிருந்தாள். அவள் போய் ஜன்னலைத் திறந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரசத்தின் வாசனையை யாரும் புகழ்வதில்லை.